நான் எழுதிய திருவுளச்சீட்டு

எனக்கு வாய் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பெயர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிற ஜாதி நான். அப்பேர்ப்பட்ட எனக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் அடைத்துப்போனது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் உள்ளே திக்கென்கிறது.

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எல்லை எது என்பது மட்டும் முடிவாகவில்லை. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகும், நகரி ஆந்திராவிலேயே நிற்கும் என்று ஆளுக்கொரு பேச்சு. நான் ஆந்திரப் பக்கம் இருந்த புத்தூரில், சபை நடத்திய ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இருபத்துநாலு வயது. கல்யாணமாகவில்லை. சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், டீச்சர், மணியடிக்கிறவள் எல்லாம் நான்தான்.

எங்கள் கோயில் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை பாதிப் பாய் காலியாகக் கிடக்கும். அப்புறம் கூட்டம் வரத் தொடங்கியது. பாலசமுத்திரம் போகிற வழியில் உள்ள சேரிகளிலிருந்து தமிழ்ப் பெண்கள் பிள்ளைகளோடு நடந்தே வந்தார்கள். தாலுகா ஆபீசுக்கும் ரயில்வேக்கும் மாற்றலாகி வந்த தெலுங்குக் குடும்பங்களும் வந்தன. இடம் போதாமல் பாதிப் பேர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே வருஷம், மிஷனிலிருந்து வந்துகொண்டிருந்த உதவிப் பணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் சபை வளர்ந்துவிட்டது, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம். வளர்ந்ததற்குத் தண்டனையா என்று நான் ஐயரிடம் நேராகவே கேட்டேன். ஐயர் என்றால் எங்கள் சபையில் பாதிரியார். நல்ல மனுஷர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

இருந்த பணத்தில் மூன்றில் ஒரு காரியம்தான் செய்ய முடியும். ஒன்று, கோயிலை நீட்டிக் கட்டுவது. இரண்டாவது, தெலுங்கில் ஆராதனை நடத்த ஒரு உபதேசியாரை வைப்பது. மூன்றாவது, ஊழியக்கார அக்காவுக்குச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுப்பது.

ஊழியக்கார அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய விதவை. பிள்ளை குட்டி இல்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட ஊர் ஊராக ஜனங்கள் வருகிற புத்தூரிலேயே இருந்துகொண்டு, முறிந்த காலின் கட்டை அவிழ்க்கச் சொன்ன நாளுக்கு முந்தியே அவிழ்த்துவிட்டு நடந்த புண்ணியவதி. ஏனக்கா இப்படிச் செய்தாய் என்றால், "சும்மா குந்திக்கினு இருக்க எனக்குத் தெரியாது டீச்சரம்மா" என்பாள். அந்தக் காலோடு வாரம் முழுக்கச் சேரி சேரியாக நடந்தாள். நோயாளிக்குக் கஞ்சி வைப்பாள், பிரசவத்துக்கு உட்காருவாள், பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். வேப்பமரத்தடிவரை கூட்டம் வந்ததே, அதில் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் வந்தவர்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை. அந்த அறையும் அந்தச் சம்பளமும்தான் அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது. சம்பளம் நின்றால் அறையும் போய்விடும்.

மத்தியானத்தில் நான் அந்த அறையில்தான் சாப்பிடுவேன். அவள் வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு எப்போதும் ஒரு கல் கூட. சொன்னால், "துன்றதுன்னா துன்னு, இல்லாட்டி உன் சித்தி வூட்டுக்குப் போ" என்பாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

இதை முடிவு செய்யச் சபைக் கமிட்டி கூடிய அன்று நானும் போனேன். பெண்கள் பாயில், கடைசியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மளிகைக் கடை வைத்திருந்த மூப்பர், சபைப் பெரியவர்களில் ஒருவர், தொடங்கினார்.

"மழ வந்தா வெளியில குந்தியிருக்கிற ஜனம் இன்னா செய்யும்? மொதல்ல கோயில நீட்டணும். மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம்."

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், தெலுங்குக்காரர், மரியாதையாக எழுந்து நின்றார். "ஏமண்டி, மேமு வருஷமா வந்துக்கினு கீறோம். பிரசங்கம் ஒண்ணும் அர்த்தம் காலேது. எங்க வூட்டுப் பொம்பளைங்க தூங்கிட்டுப் போறாங்க. மாகு ஒக உபதேசி காவாலி." பிரசங்கம் புரியவில்லை, எங்களுக்கு ஒரு உபதேசியார் வேண்டும் என்பதை அவர் சொன்ன விதத்தில் ஏக்கம் இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

உடனே தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "தாலுகா கச்சேரியும் தெலுங்கு, இஸ்கூலும் தெலுங்காப் பூடும்ங்கிறாங்க. கோயிலயும் எய்திக் குடுத்துடலாமா?" அவ்வளவுதான். எல்லைத் தகராறு எங்கள் பாயிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. இவர்கள் எழுந்தார்கள், அவர்கள் எழுந்தார்கள். பாதிப் பேர் தமிழில் கத்த, பாதிப் பேர் தெலுங்கில் கத்த, நடுவில் ஐயர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார்.

யாராவது அக்காவைப் பற்றிப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். கடைசியில் மூப்பர்தான் பேசினார். "அந்தம்மா போற ஊருங்க எப்டியும் மெட்ராஸ் பக்கம் போயிடும்ன்றாங்க. நாம எதுக்குச் சம்பளம் குடுத்து அனுப்பணும்? அந்தப் பக்கத்து சபை பாத்துக்கினு போவுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன். "வெளியில குந்தியிருக்கிற ஜனம்னு சொல்றீங்களே, அதக் கூட்டிக்கினு வந்தது யாரு? உங்க கடையா?" என்று கேட்டேன். ஐயர் என்னைப் பார்த்து, உட்காரம்மா என்று கையால் காட்டினார். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

கை தூக்கச் சொல்லி எண்ணினால் சபை இரண்டாகப் பிளந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் திருவுளச்சீட்டுப் போடலாம் என்றார் ஐயர். எங்கள் பக்கத்துச் சபைகளில் அது பழைய வழக்கம். காரியங்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்து, காணிக்கைப் பையில் போட்டு, ஜெபம் செய்து, எழுத்துத் தெரியாத ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுக்க வைப்பார்கள். வந்தது ஆண்டவர் சித்தம். எடுக்காமல் விட்ட சீட்டுகளைப் பிரிக்கக் கூடாது, அப்படியே எரித்துவிட வேண்டும். கிடைக்காததைப் பார்த்து யாரும் ஏங்கக் கூடாது என்பதற்காக. எல்லாரும் சரி என்றார்கள். தெலுங்குக்காரர்களும் சரே சரே என்றார்கள். சீட்டு எழுதுகிற வேலை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் வந்தது.

சனிக்கிழமை பிற்பகல், காலியான வகுப்பறையில் உட்கார்ந்தேன். நோட்டுத் தாளை மூன்றாகக் கிழித்தேன். முதல் சீட்டில் ‘ஸ்திரீ ஊழியம்’ என்று எழுதினேன். அதுதான் அக்காவின் வேலைக்குச் சபைப் பதிவில் உள்ள பெயர். இரண்டாவது தாளை எடுத்தேன். கோயில் கட்டடம் என்று எழுத வேண்டும். எழுதவில்லை. எரிக்கப்போகிற சீட்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தை விரட்டினேன் என்று சொன்னால் அது பொய். இரண்டாவதிலும் ‘ஸ்திரீ ஊழியம்’, மூன்றாவதிலும் ‘ஸ்திரீ ஊழியம்’. மூன்றையும் மடித்து வைத்தேன். நியாயமான காரியத்தைத்தானே செய்கிறேன் என்று எனக்கு அவ்வளவு திமிர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் சீட்டுகளை ஐயரிடம் கொடுத்தேன். ஆராதனை முடிந்ததும் அவர் அங்கி மாற்றுகிற அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். வரும்போது காணிக்கைப் பை கையில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. உபவாசமாக்கும் என்று நினைத்தேன்.

எல்லாரும் முழங்காலில் நின்றோம். ஜெபம் தமிழில் ஒரு தரம், குமாஸ்தா தெலுங்கில் ஒரு தரம். பிறகு வண்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். சபையில் வயதானவர், எழுத்து வாசனையே கிடையாது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஐயர் பிரித்தார். நான் அக்காவைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தேன். வாயில் சிரிப்பு வந்தேவிட்டது.

"தெலுங்கு உபதேசியார்" என்று வாசித்தார் ஐயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது சரியாகக் கேட்கவில்லையோ என்று பக்கத்தில் பார்த்தேன். குமாஸ்தாவின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தெலுங்குக்காரர்கள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். சீட்டில் அப்படி எழுதியிருக்கவே முடியாது. மூன்றையும் எழுதியவள் நான். அந்தப் பைக்குள் தெலுங்கு என்ற வார்த்தையே கிடையாது. ஐயர் பொய் சொல்கிறார்! சாமி சந்நிதியில், அங்கியைப் போட்டுக்கொண்டு, பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்கிறார்! எழுந்து கத்த வேண்டும் என்று வந்தது. என்னவென்று கத்துவது? சீட்டில் அது இல்லை என்றால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். மூன்றிலும் ஒன்றைத்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐயர் அந்தச் சீட்டை அங்கிக்குள் பையில் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டையும் வெளியே எடுத்துப் போய்த் தீக்குச்சி கிழித்து எரித்தார்.

தமிழ்ப் பக்கத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆண்டவர் சித்தம் என்று வந்துவிட்ட பிறகு யார் என்ன பேச முடியும்? முதலில் பாட்டைத் தொடங்கியது யார் தெரியுமா? அக்காதான். அடிக்குரலில், கண்ணை மூடிக்கொண்டு, ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவைச் சாத்தாமல், நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"ஐயரே, நேத்து இன்னா படிச்சீங்க? சீட்டுல கீறதயா படிச்சீங்க?"

"இல்லம்மா" என்றார். அப்படி உடனே ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"மூணும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "பையில போடறதுக்கு முந்தியே தெரியும்."

சீட்டை முன்னாடி பிரிக்கக் கூடாதே, ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தம்மா சீட்டு எதுன்னு பாத்து, அத்த மேல வெச்சிடலாம்னு பிரிச்சேன். வண்டிக்காரரு கைய வுட்டா மேல கீறதத்தான் எடுப்பாரு. எனக்கும் அந்தம்மா இங்கியே இருக்கணும்னுதான் இருந்திச்சு. மொத சீட்டப் பிரிச்சா அவங்க பேரு. அப்பாடான்னு இருந்திச்சு. ரெண்டாவது எதுன்னு பிரிச்சா, அதுலயும் அவங்க பேரு."

அடக் கடவுளே! நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஆளுக்காக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், இரண்டு பேரும் சாமியை ஏமாற்றப் பார்த்திருக்கிறோம்.

"அப்போ அதயே படிச்சிருக்கலாமே" என்றேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

"எப்டிம்மா படிக்கறது? என் தப்பு எனக்குள்ள இருந்த வரைக்கும் சின்னதாத் தெரிஞ்சிச்சு. உன் கையெழுத்துல பாத்ததும் பயந்துட்டேன். இத்தப் படிச்சுட்டு, ஆண்டவர் சொன்னார்னு சொல்ல வாய் வரல. வெளிய வந்து, சீட்டுல தப்பு நடந்திருக்குதுன்னு சொல்லலாம்னு நெனச்சேன். யாரு எழுதினதுன்னு ஊருக்கே தெரியும். அன்னிக்கே உன் வேலய எடுத்துடுவாங்க. இந்தப் பணத்துக்கு வேற டீச்சர் வர மாட்டாங்க. இஸ்கூல மூடிடுவாங்க."

"புதுசா மூணு சீட்டு எழுதியிருக்கலாமே ஐயரே! நீங்களே எழுதியிருக்கலாமே!"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. அந்த யோசனை அவருக்கு அப்போதுதான் வருகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. "தோணலியேம்மா" என்றார். "வெளிய ஜனம் பாடிக்கினு இருந்திச்சு. எனக்கு ஒண்ணுமே தோணல." அப்புறம் மெதுவாக, "ஒழுங்கா எழுதி, ஒழுங்கா எடுத்திருந்தா, அவங்க பேரு வந்தாலும் வந்திருக்கும்" என்றார்.

என்னை இடித்துச் சொன்னாரா, தன்னையே நொந்துகொண்டாரா என்று தெரியவில்லை. எனக்கு ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. மூன்றில் ஒரு வாய்ப்பு அவளுக்கு இருந்தது. சுத்தமாக, ஒருவர் தயவும் இல்லாமல் இருந்தது. அதை மூன்றுக்கு மூன்றாக ஆக்கப்போய், ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன். அவளை அனுப்பியது தெலுங்குக்காரர்களும் இல்லை, மூப்பரும் இல்லை. நான். அதோடு என் வேலை பத்திரமாக இருக்கிறது! அவள் வேலையைக் கொடுத்து என் வேலையை வாங்கியிருக்கிறார் இந்த மனுஷர், என்னைக் கேட்காமலே. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே, கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரத்தில் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை போனேன். நாலு தடவையும் அவள் ஏதாவது வேலை கொடுத்தாள். சட்டி பானையைக் கட்டு, பாயைச் சுருட்டு, இந்தத் தலைகாணியை நீ வைத்துக்கொள். சந்திரகிரி பக்கத்திலிருந்து அந்த அறைக்கு வரப்போகிற உபதேசியாருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களென்று கேள்விப்பட்டு, தரையைச் சாணம் போட்டு மெழுகினாள். சேரிப் பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். "இன்னாத்துக்கு அய்வுறீங்க? சாமி சொன்ன வார்த்தைக்கு அய்வாங்களா? கெளம்புங்க, அடுப்பு வேல கீது" என்று அவர்களை விரட்டினாள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று நான் திரும்பிவிட்டேன். சாக்குதான். எனக்கே தெரியும்.

சித்தூரில் ஒரு வக்கீல் வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று ஐயர் விசாரித்து வைத்திருந்தார். சனிக்கிழமை காலை ரயில். ரேணிகுண்டாவில் மாறி, திருப்பதி, பாகாலா வழியாகப் போக வேண்டும். நான்தான் ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு துணிமூட்டை. அவ்வளவுதான் அவள் சொத்து. ரயில் வர நேரமிருந்தது. பெட்டி மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவளே ஆரம்பித்தாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. என் பேரு எழுதின சீட்டு அந்தப் பையில இருந்திச்சா?"

தெரிந்துவிட்டதா இவளுக்கு?

"ஏன்க்கா?"

"இல்ல, மூப்பரு ஆளுங்க எங்கியாவது அத்த மட்டும் எடுத்துட்டாங்களோன்னு ஒரு நாளு பூரா சந்தேகம். ராத்திரி தூக்கம் புடிக்கல. பாவம்தான், சாமி காரியத்துல சந்தேகப்படக் கூடாது. அப்பால யோசிச்சேன். எழுதினது நீயி. நீ வுடுவியா? அதான் உன்னியே கேட்டுக்கலாம்னு. இருந்திச்சா?"

"இருந்திச்சுக்கா" என்றேன். "நிச்சயமா இருந்திச்சு."

அவள் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது போதும். அப்போ சாமி என் சீட்டயும் பாத்துட்டுத்தான் வேணாம்னு சொல்லிக்கிறாரு. இருவது வருஷமா நடந்தேன். எங்கியோ அவருக்குப் புடிக்காதது ஒண்ணு செஞ்சிருக்கேன் போல கீது. இன்னான்னுதான் தெரியல. சித்தூரு போய் ஒக்காந்து யோசிக்கறேன்."

ஐயோ! இல்லையக்கா, அவர் பார்க்கவே இல்லை, பார்க்கிறதற்கு நாங்கள் விடவே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அப்படியே திரும்பி ஐயர் வீட்டுக்கு நடப்பாள். கமிட்டி கூடும். என்னைக் கேட்பார்கள். என் வேலை போய்விடும்.

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். மூட்டையைக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏற்கெனவே எதையோ கணக்குப் பார்க்கிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.